கௌமாரி சொல்லிச் சாப்பிடுங்கள்

(நெய்வேலியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில், இரவு விருந்துக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் எனக்குப் போன் செய்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேசணும். சாப்பாட்டைப் பத்தியே பேசிடு" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என்னோடு ஆஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும், நான் சாப்பாட்டில் எவ்வளவு பெரிய தகராறு பிடித்தவன் என்று. மெஸ்ஸில் கத்திரிக்காய் போட்டால் தட்டை அப்படியே நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவேன். மெஸ் மாஸ்டர், "இந்தத் தம்பிக்குக் கல்யாணமானா அந்தப் பொண்ணு பாவம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவார். அவர் சொன்ன பொண்ணு இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்ட நான் என் 57-ஆவது வயதில், ஒரு வெளிநாட்டில், ஒரு நிலவறைக் கடையில் உட்கார்ந்து கத்திரிக்காயை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அந்த நாட்டுக்குப் பேர் ஜார்ஜியா. அமெரிக்காவில் அதே பேரில் ஒரு மாநிலம் இருக்கிறது, அது இல்லை. இது காகசஸ் மலைக்குத் தெற்கே, கருங்கடல் கரையில் இருக்கிற சின்ன நாடு. பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஜனத்தொகை நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. சோவியத் யூனியனில் ஒரு குடியரசாக இருந்து, 1991 ஏப்ரல் 9-ஆம் தேதி சுதந்திரத்தை அறிவித்த நாடு. ஸ்டாலின் பிறந்த கோரி என்ற ஊர் அங்கேதான் இருக்கிறது. தலைநகர் திபிலீசி.

நெய்வேலிக்கும் ஜார்ஜியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மேல் மண்ணை வெட்டும் ராட்சத யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் தெர்மலைக் கட்டிக்கொடுத்தது சோவியத் யூனியன். 1962-இல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓட ஆரம்பித்தது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என்று 1970-இல் மொத்தம் 600 மெகாவாட் முடிந்தது. என் அப்பா அந்தத் தெர்மலில் 1961-இல் ஹெல்பராகச் சேர்ந்தவர். டர்பைன் ஹாலில் சோவியத் நிபுணர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வேலை கற்றுக்கொண்டவர். கடைசியில் ஆப்பரேட்டராக ரிட்டயர் ஆனார்.

அந்த நிபுணர்களை எல்லாம் நாங்கள் "ரஷ்யாக்காரங்க" என்றுதான் சொல்வோம். யார் உக்ரைன், யார் ஆர்மீனியா, யார் ஜார்ஜியா என்று யாருக்குத் தெரியும்? வெள்ளையாக இருந்து, வெயிலில் சிவந்துபோய், இங்கிலீஷும் சரியாகப் பேசாவிட்டால் அவர் ரஷ்யாக்காரர். அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

1969-இல் ஒருநாள் அப்பா அதில் ஒருத்தரை எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஏழு வயசு. பெரிய மீசை, பெரிய மூக்கு, கண் மட்டும் குழந்தை மாதிரி. அம்மா லெகோ அடுப்பில் சமைத்தாள். இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு லெகோ என்றால் தெரியாது. நம் நிலக்கரியை அச்சில் அழுத்திச் சுட்டு எடுத்த கரிக்கட்டி அது. கேஸ் பரவாத காலத்தில் எத்தனையோ வீட்டில் அதுதான் எரிந்தது. அம்மா அன்றைக்குப் பண்ருட்டி முந்திரியை அரைத்து ஊற்றிக் குருமா செய்தாள். பலாப்பழமும் இருந்தது.

சாப்பாடு போட்டதும் எல்லோரும் கை வைக்கப் போனோம். அந்த மனுஷர் மட்டும் மோர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். ஏதோ பேச ஆரம்பித்தார். பாதி இங்கிலீஷ், பாதி அவர் பாஷை, மீதி கை ஜாடை. அப்பாவைக் காட்டினார், அம்மாவைக் காட்டினார், சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார், என் தலையில் கை வைத்தார். அஞ்சு நிமிஷம் பேசியிருப்பார். சோறு ஆறுகிறதே என்று அம்மாவுக்குக் கவலை. கடைசியில் ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு மோரை ஒரே மூச்சில் குடித்தார். அந்த வார்த்தை எங்கள் காதில் "கௌமாரி"ன்னு விழுந்தது.

அம்மா, "பாருங்க, அம்மன் பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடறார்" என்று சந்தோஷப்பட்டாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அப்பா காலையில் காபி டம்ளரைத் தூக்கி "கௌமாரி" என்பார். நாங்களும் "கௌமாரி" என்போம். கல்யாணமாகி வந்த என் மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க குலதெய்வமாங்க?" என்று கேட்டாள். ஐம்பது வருஷம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி என் பெண்ணின் கதை. அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அவளைவிட எனக்கு அதிகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இங்கே இடம் கிடைக்கவில்லை. தனியாரில் கேட்ட தொகை என் சக்திக்கு மேலே. அப்போது ஒரு ஏஜெண்ட், ஜார்ஜியாவில் ஆறு வருஷப் படிப்பு, இங்கிலீஷிலேயே சொல்லித் தருவார்கள், இந்தியச் சாப்பாடு மூன்று வேளையும் உண்டு என்று சொன்னார். பேங்க்கில் கடன் வாங்கினேன். 2018-இல் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

இந்தியச் சாப்பாடு என்று அவர் சொன்னது நாலு மாதத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பெண் ரூமில் உட்கார்ந்து நூடுல்ஸும் ரொட்டியுமாகக் காலத்தை ஓட்டியிருக்கிறாள். குளிர் வேறு. எனக்கு எதுவுமே தெரியாது. வாரம் ரெண்டு முறை போன் பேசுவேன். என்ன கேட்பேன்? "டெஸ்ட் எப்ப? எவ்வளவு வந்தது? க்ளாஸ்ல எத்தனாவது?" அந்த ஊர்க் காசுக்குப் பேர் லாரி. "பதினஞ்சு லாரி செலவாயிடுச்சுப்பா" என்று அவள் சொல்வாள். நான் உடனே இருபத்தி நாலால் பெருக்கிக் கணக்குப் போடுவேன். வேறு எதையும் கேட்டதாக ஞாபகமில்லை.

2019 அக்டோபரில் ஒரு ராத்திரி அவளே போன் செய்தாள். அனாடமியில் போய்விட்டது, இனிமேல் முடியாது, வந்துவிடுகிறேன் என்று அழுதாள். அவள் அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. நான் ஆபீஸில் லீவு போட்டு, துபாய் வழியாக நவம்பரில் திபிலீசி போய்ச் சேர்ந்தேன். போக ஒரு டிக்கெட், திரும்பி வர ரெண்டு டிக்கெட். கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். கடனை எப்படிக் கட்டுவது, சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் என் யோசனை.

போய்ப் பார்த்தால் பெண் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒழுங்கா சாப்பிடறதுக்கு என்ன கேடு?" என்று கத்திவிட்டேன். அவள் ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, ஒரு வருஷமா போன்ல பேசறீங்க. சாப்பிட்டியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம். சபுர்தாலோ என்கிற பகுதி, நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிற இடம். எனக்குப் பசி. அவள் இருந்த கட்டடத்துக்கு நாலு வீடு தள்ளி, தெருமட்டத்துக்குக் கீழே ஆறு படி இறங்கினால் ஒரு கடை. கண்ணாடியில் ஆவி படிந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சம். ரொட்டி வேகும் வாசனை தெரு வரைக்கும் வந்தது. "இங்கே என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா, ஒரு நாளும் போனதில்லை. எல்லாம் கறியா இருக்கும். பேரும் படிக்க வராது" என்றாள். ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போயிருக்கிறாள். "வா, போய்ப் பார்ப்போம்" என்று இறங்கிவிட்டேன்.

எட்டு மேஜை இருக்கும். அறுபது வயது அம்மா ஒருத்தர் கடைக்காரர். மெனுவை நீட்டினார். அவர்கள் எழுத்து 33, எல்லாம் வட்டம் வட்டமாக, சட்டென்று பார்த்தால் நம் தென்னிந்திய எழுத்து மாதிரியே இருக்கும். ஆனால் ஒன்றும் புரியாது. என் பெண் தடுமாறித் தடுமாறி, "ஹோர்ட்சிஸ் கரேஷே" என்றாள். கறி இல்லாமல் என்று அர்த்தமாம். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "சமர்ஹ்வோ, சமர்ஹ்வோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

பிறகு தெரிந்துகொண்டேன். ஜார்ஜியாவில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு வருஷத்தில் பல நாள் விரதம் உண்டு. கறி, பால், முட்டை எதுவும் இல்லாமல் சமைக்கிற விரதச் சாப்பாடு அங்கே தனியாக வளர்ந்திருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பேர். ஒரு வருஷமாகப் பட்டினி கிடந்த பெண்ணுக்கு நாலு வீடு தள்ளி விரதச் சாப்பாடு தயாராக இருந்திருக்கிறது! கேட்கத்தான் ஆள் இல்லை.

வந்ததைச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். லோபியோ: ராஜ்மா பயறை மண்சட்டியில் குழைய வேகவைத்து, கொத்தமல்லி நிறையப் போட்டு, சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டுக்கொள்ள ம்ச்சாதி என்ற மக்காச்சோள ரொட்டி. அந்த ஜனங்களுக்குக் கொத்தமல்லி மேல் அப்படி ஒரு ஆசை, நம்மையே தோற்கடித்துவிடுவார்கள். த்கெமாலி என்று புளிப்பு ப்ளம் பழத்தில் ஒரு துவையல், நம் புளிச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அஜிகா என்பது மிளகாயும் பூண்டும் அரைத்த விழுது, அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது. ரொட்டியைத் தோனே என்ற மண் அடுப்பின் உள்சுவரில் அறைந்து சுடுகிறார்கள், தந்தூர் மாதிரிதான். ரொட்டிக்கு அவர்கள் பாஷையில் பேர் என்ன தெரியுமா? பூரி! பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கச்சாபூரி. இந்தக் கச்சாபூரி செய்ய எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்து அங்கே ஒரு பொருளாதார நிறுவனம் விலைவாசிக் கணக்கே போடுகிறது. நாம் இட்லி விலையை வைத்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. கின்காலி என்று ஒன்று, நம் கொழுக்கட்டை மாதிரி மடிப்பு வைத்தது. குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரமாகக் கடித்து உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சாப்பிட வேண்டும். கறி வைத்ததுதான் பிரசித்தம். எங்களுக்குக் காளான் வைத்தது வந்தது. குடுமியைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட வேண்டும், எத்தனை சாப்பிட்டாய் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்புறம் அது வந்தது. கத்திரிக்காய். நீளவாக்கில் அரிந்து வதக்கி, உள்ளே வால்நட் விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்து தூவி. நான் தட்டை நகர்த்தப் போனேன். என் பெண் பார்த்தாள். அவளைச் சாப்பிடவில்லை என்று திட்டிவிட்டு நான் எப்படி நகர்த்துவது? வாயில் போட்டேன். நண்பர்களே, நம் மெஸ் மாஸ்டர் இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அந்த விழுது நாக்கில் பட்டதும் அம்மா அரைத்த முந்திரிக் குருமா ஞாபகம் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பக்கத்தில் ரெண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பேரனுக்குப் பிறந்தநாளாம். அதில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் பேரனைக் காட்டினார், பெண்டுகளைக் காட்டினார், இறந்தவர்களை நினைத்து மேலே பார்த்தார். என் முதுகுத்தண்டு சில்லென்றது. பேசி முடித்துவிட்டுக் கிளாஸை உயர்த்தி, "கவ்மார்ஜோஸ்!" என்றார். எல்லோரும் "கவ்மார்ஜோஸ்!" என்றார்கள்.

கௌமாரி!

நான் என்னையும் அறியாமல் எழுந்து, பேரிக்காய் சோடா கிளாஸைத் தூக்கி, "கௌமாரி!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. என் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் அவளுக்கும் விளங்கிவிட்டது. "அப்பா... தாத்தா காபி குடிக்கும்போது..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவ்வளவுதான், எங்களை அந்த மேஜைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பையனுக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. கதையைச் சொன்னோம். அந்த வார்த்தைக்கு வெற்றி உண்டாகட்டும் என்று அர்த்தமாம். அவர்கள் வணக்கம் சொல்கிற "கமர்ஜோபா" என்ற சொல்லும் அதே வெற்றியிலிருந்து வந்ததுதானாம். விருந்துக்கு அங்கே சுப்ரா என்று பேர். அதை நடத்துகிறவர் தமதா. அவர் ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போவார்: நாட்டுக்கு, பெற்றவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, சமைத்தவர்களுக்கு. வாழ்த்துச் சொல்லாமல் வெறுமனே குடிப்பது மரியாதை இல்லை.

வடலூரில் அப்போது ராத்திரி ஒன்பது மணி. அப்பாவுக்கு வீடியோ போன் போட்டேன். 81 வயது. அந்தப் பெரியவர் போனைப் பார்த்து "கவ்மார்ஜோஸ்!" என்றார். அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "டேய் தம்பி, அவர் ஊருக்காடா போயிருக்கே?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "அம்மா குருமாவைச் சாப்பிட்டுட்டு, எங்க ஊர்லயும் இப்படித்தான் கொட்டையை அரைச்சு ஊத்துவோம்னு கையால அரைச்சுக் காட்டினார்டா" என்றார். எனக்கு அது ஞாபகமில்லை. என் நாக்குக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஜார்ஜியாக்காரர்தானா என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன். அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். "இருக்கலாம். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல எங்க சாப்பாடு சோவியத் யூனியன் முழுக்கப் பிரபலம். மாஸ்கோவுல 1938-லயே அரக்வின்னு பெரிய ஜார்ஜிய ரெஸ்டாரண்ட் திறந்துட்டாங்க. எங்க மேஜையில உட்கார்ந்த எந்த ஊர்க்காரனும் அந்த வார்த்தையைக் கத்துக்கிட்டுத்தான் போவான்" என்றார். அப்படியானால் அவர் யாராக இருந்தாலும், ஒரு ஜார்ஜிய மேஜையில் கற்றுக்கொண்ட மரியாதையை எங்கள் மோர் டம்ளரில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகுதான் என்னை மாட்டிவிட்டார்கள். "அலவெர்தி!" என்று தமதா என்னைப் பார்த்துச் சொன்னார். வாழ்த்துச் சொல்லும் முறையை இன்னொருத்தரிடம் ஒப்படைப்பதற்கு அப்படிச் சொல்வார்களாம். மறுக்கக் கூடாது. எழுந்து நின்றேன். இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே பேசினேன். என் பெண் மொழிபெயர்த்தாள்.

"நான் ஒரு வருஷமா என் பொண்ணுகிட்ட மார்க் மட்டும்தான் கேட்டேன். சாப்பிட்டியான்னு கேட்கலை. எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்த மனுஷர் எங்க தாத்தா படத்துக்குக் கூட மரியாதை பண்ணிட்டுத்தான் சாப்பிட்டார். நான் பெத்த பொண்ணு சாப்பிடாம இருந்தது எனக்குத் தெரியலை. அவளை இந்த ஊர்ல நான் தனியா விட்டுட்டேன். அவ படிக்கணும்னா படிக்கட்டும். வரணும்னா என்கூட வரட்டும். டிக்கெட் இருக்கு. ரெண்டுக்கும் நான் கோபப்பட மாட்டேன்."

அவள் பாதிவரை மொழிபெயர்த்தாள். மீதியை அவளால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கடைக்கார அம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்போது என்னைக் காட்டி "மாமா, மாமா" என்று ஏதோ சொன்னார். இது என்னடா வம்பு என்று நான் விழித்தேன். என் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அப்பா, இங்கே மாமான்னா அப்பா. அம்மாவுக்கு தேதா. அம்மாவோட அக்கா தங்கச்சி தெய்தா. அப்பாவோட அக்கா தங்கச்சி மாமிதா" என்றாள். பாருங்கள், சித்திக்கும் அத்தைக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள், நம்மை மாதிரியே. ஒரு வருஷம் தன்னோடு படிக்கிறவர்களிடம் அரைகுறையாகக் கேட்டதை எல்லாம் அவள் மனசில் வைத்திருக்கிறாள். பேசத்தான் மேஜை கிடைக்கவில்லை.

எங்களுக்கு வந்த பில் நாற்பது லாரி சொச்சம். வாழ்க்கையில் முதல் தடவையாக இருபத்தி நாலால் பெருக்காமல் கொடுத்தேன்.

ஊரிலிருந்து கொண்டுபோன பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ பையில் இருந்தது. மறுநாள் அதைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தோம். சாயங்காலம் அதே கத்திரிக்காய், வால்நட்டுக்குப் பதில் முந்திரி விழுதோடு வந்தது. "எது நல்லா இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். நான் முந்திரி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரைக்கும் அந்த வழக்கு முடியவில்லை.

நாலாம் நாள் பெண் சொன்னாள்: "ஜனவரி பரீட்சை வரைக்கும் இருந்து பார்க்கறேம்பா." நான் தனியாகத் திரும்பினேன். ஒரு டிக்கெட் வீணானது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பணத்தையும் இழந்ததில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2020-இல் கொரோனா வந்தது, பல மாதம் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்தாள். 2024-இல் படிப்பை முடித்தாள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இங்கே வைக்கிற தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை தேறினாள். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று என்னைக் கேட்கிற பெற்றோர்களுக்கு நான் எதையும் மறைப்பதில்லை. படிப்பு முடிந்து வந்து எழுத வேண்டிய தேர்வையும் சேர்த்து யோசியுங்கள், ஏஜெண்ட் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல் தெர்மல் 2020 செப்டம்பரில் ஓட்டத்தை நிறுத்தியது. 58 வருஷம் ஓடியது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா காபி டம்ளரைத் தூக்கினார். இந்தத் தடவை "கௌமாரி" என்று சொல்லவில்லை. "கவ்மார்ஜோஸ்" என்று சரியாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார், டர்பைனுக்கா, மீசைக்காரருக்கா, அம்மாவுக்கா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நாளைக்கு நீங்கள் எங்கெங்கோ போவீர்கள். போன ஊரில் முதல் வாரமே தெருமுனைக் கடைக்குப் போங்கள். நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: வணக்கம், நன்றி, கறி வேண்டாம், இன்னும் கொஞ்சம். கூச்சப்பட்டுக்கொண்டு ரூமில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்னாதீர்கள். அதே மாதிரி, நம் ஊருக்கு வருகிறவர்களைக் கவனியுங்கள். இன்றைக்கு நெய்வேலியிலும் நம் கல்லூரிப் பக்கத்திலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரையும் "ஹிந்திக்காரங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நாங்கள் "ரஷ்யாக்காரங்க" என்று சொன்னது மாதிரியே. ஒருநாள் ஒருத்தரையாவது எந்த ஊர் என்று கேளுங்கள், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். பக்கத்தில் வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார், எந்த ஊர் என்று பார்த்து அங்கே சோறு போடுவதில்லை. அந்த அடுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர்கள் நாம்.

பெற்றோர்களாகிய என் நண்பர்களுக்கு ஒரே வரிதான். போனை எடுத்ததும் முதலில் சாப்பிட்டியா என்று கேளுங்கள். மார்க் எங்கேயும் ஓடிப்போகாது.

சாம்பார் வாசனை வந்துவிட்டது, செயலாளரும் வாட்சைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். தயவு செய்து உங்கள் முன்னால் இருக்கும் தண்ணீர் டம்ளரை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு. நம்மோடு படித்து, இன்று நம்மோடு இல்லாதவர்களுக்கு. நான் தட்டை நகர்த்தியபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட நம் மெஸ் மாஸ்டருக்கு. இன்றைக்குச் சமையற்கட்டில் நின்று நமக்காகச் சமைத்தவர்களுக்கு.

கவ்மார்ஜோஸ். கஷ்டமாக இருந்தால் கௌமாரி என்றே சொல்லுங்கள், எங்கள் வீட்டில் ஐம்பது வருஷம் அதுவே போதுமாக இருந்தது.

வாருங்கள், சாப்பிடலாம்.